மாதிரி ரயிலைக் கூவவைக்கும் கட்டளை: தண்டவாளம் வழியாகவா, புளூடூத் வழியாகவா?

இருப்புப்பாதை: தண்டவாளத்து மின்சாரத்திலேயே எண்முறைக் கட்டளைகளை அனுப்பும் டி.சி.சி. முறையில் இயங்கும் எச்.ஓ. அளவு (1:87) நீராவி இஞ்சின் ஒன்றை வைத்திருக்கிறேன். கூவல், மணி, முகப்பு விளக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் கட்டளை தண்டவாளம் வழியாகவே செல்கிறது. தண்டவாளத்தில் சிறிது அழுக்குப் படிந்தாலும் மின்தொடர்பு நொடிப்பொழுது அறுந்து, ஏற்றத்தில் மூச்சிரைத்துச் செல்லும் வண்டி, பணிமனையிலிருந்து அப்போதுதான் கிளம்புவதுபோல் ஓசையை முதலிலிருந்து தொடங்குகிறது. மின்கலத்தை வண்டிக்குள்ளேயே வைத்து, கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் இயக்குவதே சரியான வழி என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

கரியடுப்பு: மறுக்கிறேன். இஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடருடன், மின்சாரத்தைச் சிறிது சேமித்துவைக்கும் ஒரு மின்தேக்கியை இணைத்தால் அத்தகைய சிறு இடைவெளிகளை அது தாண்டிவிடும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய டி.சி.சி. முறையை, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக்கியது. ஒரு நிறுவனத்தின் கருவியால் மற்றொரு நிறுவனத்தின் இஞ்சினைக் கூவவைக்க முடிவது அதனால்தான். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரமே செய்தியாகவும் இருக்கிறது: முன்னும் பின்னும் திசை மாறும் மின்னழுத்தத்தின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் ‘1’, ஏறத்தாழ 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் ‘0’. உங்கள் கைப்பேசிச் செயலியைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போனால் இஞ்சின் ஊமையாகிவிடும்.

இருப்புப்பாதை: பொதுத் தரம் எதுவரை? கருவியின் எஃப்1 பொத்தான் மணி, எஃப்2 பொத்தான் கூவல் என்பதுவரை பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அதற்கு மேல் எஃப்28 வரை எந்தப் பொத்தானில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். செயலியிலோ ஒவ்வொன்றும் தன் பெயரோடு திரையில் நிற்கிறது.

கரியடுப்பு: திரையைப் பார்த்தால் வண்டியை யார் பார்ப்பது? குமிழ் உள்ள கருவியை விரல் தடவியே அறிந்துகொள்ளும்.

பழைய டெண்டர்: இருவருக்கும் இடையில் ஒரு சொல். 1935இல் லயோனல் நிறுவனம், தண்டவாளத்தின் மாறுதிசை மின்சாரத்தோடு சிறிது நேர்த்திசை மின்சாரத்தைக் கலந்தே, இஞ்சினை ஒட்டிவரும் கரி, நீர்ப் பெட்டியான டெண்டருக்குள் இருந்த ரிலே என்னும் மின்சுவிட்சை இயக்கிக் கூவவைத்தது. ஆக, தண்டவாளத்தில் கட்டளை அனுப்புவது டி.சி.சி.க்கு மிக முந்திய வித்தை. எனக்கு ஐயம் புகையைப் பற்றியது. புகையூட்டியிலிருந்து எழும் எண்ணெய் ஆவி தண்டவாளத்தில்தான் போய்ப் படிகிறது. இருப்புப்பாதை ஐயா குறைகூறும் அழுக்கில் ஒரு பங்கு அவருடைய இஞ்சினே கக்கியதாக இருக்கலாம்.

கரியடுப்பு: நல்ல கேள்வி. மின்கலத்துக்கும் புகை பகைதான். எண்ணெயைச் சூடாக்கும் கம்பி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். 1:160 அளவுள்ள சிறு இஞ்சின்களில் மின்கலத்துக்கு இடமும் இல்லை.

இருப்புப்பாதை: சிறிய அளவுக்கு அது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் இஞ்சினின் டெண்டரில் இடம் இருக்கிறது. அதில் முதலில் மின்தேக்கியைப் பொருத்தி, புகையை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். அப்போதும் ஏற்றத்தில் ஓசை அறுந்தால் அதே இடத்தில் மின்கலம் ஏறும்.