போக்கிமான் கார்ட்டூனில் வரும் பிக்காச்சுவை முதலில் எங்கே பார்த்தீர்கள்? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரிக்காரன்:

போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்தேன். பழைய நோட்டுகளுக்கு அடியில் ஒரு தீப்பெட்டி. மேலே ஸ்கெட்ச் பேனாவில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு உருண்டை வரைந்திருந்தது. திறந்தால் உள்ளே ஒரு பொன்வண்டின் இறக்கை. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பச்சை மங்கவில்லை.

எங்கள் தெருவில் அப்போது மழை விட்டதும் வேலமரத்தைத் தேடிப் போவோம். பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு இலை வைப்போம். அது முட்டை போட்டால் அன்றைக்கு நான்தான் ராஜா. பிடித்தவன் வண்டையும் இன்னொருவன் வண்டையும் பெட்டியோடு மாற்றிக்கொள்வது உண்டு. 2003 வாக்கில் பக்கத்து வீட்டு டிவியில் போக்கிமானைப் பார்த்தபோது எனக்கு அதில் புதுசாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையன் காட்டில் அலைகிறான், ஜந்துவைப் பிடிக்கிறான், பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான சின்ன உருண்டையில் அடைக்கிறான். இதைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று இருந்தது. அன்று சாயங்காலமே என் தீப்பெட்டிகள் எல்லாவற்றிலும் உருண்டை வரைந்துவிட்டேன்.

பெரியவனான பிறகுதான் இதன் பூர்வீகம் தெரிந்தது. முதலில் வந்தது தொடர் இல்லை, விளையாட்டு. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடிக்கும் பைத்தியம். கூடப் படித்தவர்கள் அவரைப் பூச்சி டாக்டர் என்றே கூப்பிட்டார்களாம். இரண்டு கேம் பாய்களைக் கேபிளால் இணைத்திருப்பதைப் பார்த்ததும், அந்த வயர் வழியாக ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதுதான் ஆரம்பம். நாங்கள் வயர் இல்லாமல் கையால் மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். தொடர் அடுத்த வருடம், 1997 ஏப்ரலில் தொடங்கியது. நாம் ஆஷ் என்று பார்த்த பையனுக்கு ஜப்பானில் பெயர் சதோஷி. இந்த மனுஷன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரி, என் கதை இது. உங்களுடையதைச் சொல்லுங்கள். நல்லது கெட்டது எதுவானாலும்.

பேரணாம்பட்டுப் பையன்:

அண்ணே, நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கேபிளில் அது இந்தியில்தான் வந்தது. எங்கள் வீட்டில் பேசுவது உருது. அதனால் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் புரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஜன்னல் வழியாக டிவி. நான்தான் மொழிபெயர்ப்பாளர். "டேய் பாய், இப்போ இன்னா சொல்றான்?" என்று ஒருத்தன் கேட்பான், நான் சொல்வேன்.

விஷயம் என்னவென்றால் எங்கள் வீட்டு உருதுக்கும் டிவி இந்திக்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டு. பாதி எனக்கே புரியாது. புரியாத இடத்தில் நானே வசனம் போட்டுவிடுவேன். வில்லன்களான ராக்கெட் டீம் ஜோடி தோற்று வானத்தில் பறக்கும்போது "சம்பளம் கொடுக்காத முதலாளிகிட்ட வேலை செஞ்சா இப்படித்தான்" என்று புலம்புவதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டில் தோல் வேலையோ பீடி வேலையோ. பயங்கரச் சிரிப்பு. மொழிபெயர்ப்புக் கூலி ஒரு எபிசோடுக்கு இரண்டு கமர்கட்.

மாட்டியது எங்கள் நானியால், அதாவது பாட்டியால். ஒருநாள் திண்ணைப் பக்கம் வந்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அவன் எங்கேடா அப்படிச் சொன்னான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றோடு கமர்கட் நின்றது. ஆனால் பசங்க, "நீ சொல்றதே நல்லா இருந்துச்சு, அதையே சொல்லு" என்றார்கள். கூலி இல்லாமல் இன்னும் ஒரு வருடம் ஓட்டினேன்.

குடியாத்தம் 2:

எங்களுக்கு டிவி கிடையாது. சிப்ஸ் பாக்கெட்டில் வரும் வட்டத் தகடுதான் போக்கிமான். சிப்ஸை நாய்க்குப் போட்டுவிட்டுத் தகடை எடுத்துக்கொள்வான் எங்கள் கிளாஸ் பணக்காரப் பையன். அப்புறம் 2006க்குப் பிறகு அரசாங்கக் கலர் டிவி வந்தது. முதல் நாள் நான் போட்ட சேனலைப் பார்த்து நைனா, "இதுக்காடா டிவி கொடுத்தாங்க" என்றார். அவரும் ஒரு மாதத்தில் பிக்காச்சு கட்சியாகிவிட்டார்.

ஈஈஜி அக்கா:

படிக்கச் சிரிப்பாக இருக்கிறது தம்பிகளா. நான் தொடர் பார்த்து வளர்ந்தவள் இல்லை. வேலையில்தான் பிக்காச்சு எனக்கு அறிமுகம். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈஈஜி என்ற மூளைச் சோதனை எடுக்கும் டெக்னீஷியனாக இருந்தேன், இப்போது ஓய்வு.

இந்த ஊர் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் தமிழை விட வங்காளமும் இந்தியும் அதிகம் காதில் விழும் என்று உங்களுக்கே தெரியும். லாட்ஜ் போர்டு முதல் மெஸ் மெனு வரை வங்காள எழுத்துதான். எங்கள் அறைக்கு வரும் குழந்தைகளில் பாதி, இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கியவர்கள். எனக்குத் தெரிந்த வங்காளம் "சோக் பொந்தோ கொரோ", அதாவது கண்ணை மூடு. அதோடு சரி.

ஒரு ஏழு வயதுப் பையன் வந்தான். தலையில் வயர் ஒட்டப் போனதும் ஒரே அலறல். நம் ஊர் ஜனங்களே இந்தச் சோதனையைத் 'தலைக்குக் கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் நாங்கள் ஒரு துளி கரண்ட்டும் உள்ளே விடுவதில்லை. மூளையில் தானாக ஓடும் மிகச் சின்ன மின்சாரத்தை வெளியிலிருந்து பதிவு செய்கிறோம், அவ்வளவுதான். இதை அந்தப் பையனுக்கு எந்த மொழியில் சொல்வது? அவன் பனியனில் ஒரு மஞ்சள் பொம்மை இருந்தது. அவன் அம்மா அதைத் தொட்டு "பிக்காச்சு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலைக் கன்னத்தில் வைத்து, 'டப்' என்று மின்னல் அடிப்பது போல் காட்டினார். அப்போதுதான் புரிந்தது, அது உடம்பிலேயே கரண்ட் வைத்திருக்கும் பிராணி என்று. நான் அவன் நெற்றியைத் தொட்டு "பிக்காச்சு" என்றேன். வயரைக் காட்டி, பேப்பரில் ஓடும் கோடுகளைக் காட்டி, மறுபடியும் "பிக்காச்சு". பையன் அழுகையை நிறுத்திவிட்டான். தன் தலையிலும் அது இருக்கிறது என்று நம்பிவிட்டான் போல. 21 வயரும் ஒட்டி முடிக்கும் வரை அசையவில்லை.

பிறகு அந்த வார்த்தையை எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பேனோ. ஜார்கண்ட் குழந்தை, திருப்பத்தூர்க் குழந்தை, எல்லோருக்கும் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஈஈஜி எடுக்கும்போது கடைசியில் முகத்துக்கு நேராக ஒரு விளக்கை வைத்து விட்டு விட்டு மின்ன வைப்போம். வினாடிக்கு ஒன்றிரண்டில் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். வெளிச்சம் மின்னினால் யாருக்கு வலிப்பு தூண்டப்படும் என்று பார்ப்பதற்கு. எங்கள் டாக்டர் ஒருவர்தான் சொன்னார், இதே சோதனையை உங்கள் பிக்காச்சு ஒரு தேசத்துக்கே செய்துவிட்டது என்று. 1997 டிசம்பர் 16, ஜப்பானில் 38வது எபிசோட். பிக்காச்சு மின்னல் விட்டு ஏவுகணைகளை வெடிக்க வைக்கும் காட்சியில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை மாறி மாறி வந்தன. அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளைகள் 685 பேர். செய்தியில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டதில் இன்னும் சிலர் விழுந்தார்கள். அது எப்பேர்ப்பட்ட மூளை என்று கேட்காதீர்கள், செய்தி போடுகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் அப்படித்தான். தொடரை நான்கு மாதம் நிறுத்தினார்கள். அந்த எபிசோட் ஜப்பானுக்கு வெளியே எங்கும் வரவில்லை, ஆகவே நீங்கள் யாரும் பார்த்திருக்க முடியாது.

பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: வலிப்பு உள்ளவர்களிலும் வெளிச்சத்தால் தூண்டப்படுகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான். பிள்ளைகளிலும் விடலைப் பருவத்திலும் கொஞ்சம் அதிகம். விளக்கை அணைத்துவிட்டு டிவிக்கு முன்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார விடாதீர்கள், அது போதும். திரை கண்டபடி மின்னினால் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.

காட்பாடி பிளாட்பாரம்:

அக்கா, ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. வெடித்தது பிக்காச்சுவின் மின்னலால். ஆனால் பழி விழுந்தது போரிகான் என்ற இன்னொரு பிராணி மேல். அந்த எபிசோட் அதைப் பற்றியது. அன்றைக்கு ஒதுக்கிவைத்ததுதான், இன்று வரை தொடரில் அதற்கு ஒரு வேஷம் கிடைக்கவில்லை. பெரிய இடத்துப் பிள்ளை தப்பு செய்தால் வேலைக்காரனை நிறுத்துவார்களே, அது மாதிரி.

என் அனுபவம் விளையாட்டுப் பக்கம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, கம்ப்யூட்டரையே கேம் பாய் மாதிரி ஆக்கும் எமுலேட்டர் வைத்து 'எல்லோ' என்ற போக்கிமான் விளையாட்டை ஆடினேன். மூல விளையாட்டில் முதலில் கையில் கிடைக்கும் மூன்று பிராணிகளில் பிக்காச்சு கிடையாது. தொடரில் அது பெரிய ஹிட் ஆன பிறகு, 1998ல் வந்த இந்த 'எல்லோ'வில்தான் பிக்காச்சுவையே முதலில் கொடுத்தார்கள். உருண்டைக்குள் போகாமல் பின்னாலேயே நடந்து வரும். விளையாட்டிலிருந்து தொடர் வந்தது, தொடரிலிருந்து மறுபடி விளையாட்டு வந்தது. மாமியார் வீட்டுச் சீர் திரும்பி வருவது போல.

நான் தொடரைப் பார்த்த தைரியத்தில், வழியில் முதலில் ஜெயிக்க வேண்டிய எதிராளியான புரோக்கோடு மோதப் போனேன். தொடரில் ஆஷ் என்ன செய்கிறான்? பிக்காச்சுவின் மின்சாரத்தில் மேலே இருக்கும் தண்ணீர்க் குழாய் திறந்துகொள்ளும், புரோக்கின் கல் பாம்பான ஒனிக்ஸ் நனைந்து தளரும். நானும் பிக்காச்சுவை இறக்கி மின்னலை விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி விட்டேன். பூஜ்யம். மண் வகைப் பிராணிக்கு மின்சாரம் ஏறவே ஏறாது, விளையாட்டின் விதி அது. எர்த் கொடுத்த மெஷின் மாதிரி. ஆறு முறை தோற்றேன், நூற்றிருபது ரூபாய் போனது. கடைசியில் சென்டர் அண்ணன்தான் எட்டிப் பார்த்து, "தம்பி, டிவியை நம்பி மோதாதே, முதல்ல போய் மான்கின்னு ஒரு குரங்கு இருக்கு, அதைப் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்தேன், ஜெயித்தேன். சேவ் செய்யக் கை போனது, கரண்ட் போனது. 2011 அல்லவா, கரண்ட் வருவதுதான் அதிசயம். அன்றைக்கு விட்டவன் இன்று வரை தொடவில்லை.

கோட்டை மதில்:

நான் ஊரிலேயே பிடித்தவன்! செல்போனோடு தெருவில் நடந்து பிராணிகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டில். 2016 டிசம்பர் 13, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட மறுநாள், இந்தியாவில் அதிகாரபூர்வமாக வந்தது. கையில் ஓசி ஜியோ சிம். பாக்கெட்டில் பணம் இல்லை, ஏடிஎம் வாசலில் எல்லோரும் நின்ற மாதம் அது. செலவில்லாத பொழுதுபோக்கு இது ஒன்றுதான்.

அதில் கிடைக்கும் முட்டை பொரிந்து பிராணி வெளியே வர நடக்க வேண்டும். 2 கிலோமீட்டர், 5, 10 என்று முட்டைக்குத் தக்கபடி. விடியற்காலை அகழியை ஒட்டி நடப்பேன். வாக்கிங் வரும் பெரியவர் ஒருவர் நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள், "இன்னா தம்பி, சிக்னல் தேடறியா?" என்றார். "இல்ல சார், முட்டை பொரிக்கிறேன்" என்றேன். மனுஷன் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனை வாங்கிப் பார்த்தார். அடுத்த வாரம், "எனக்கு சுகர், டாக்டர் தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கச் சொல்லியிருக்கார், அந்த முட்டையை எனக்கும் ஒண்ணு போடு" என்றார். அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் அவருக்கு முதல் முட்டை பொரிந்தபோது செருப்பைக் கழற்றி விட்டுத்தான் திறந்து பார்த்தார்.

ஆற்காட்டு அம்மா:

நீங்கள் எல்லோரும் ஆஷ் ஆஷ் என்கிறீர்கள். என் மகனுக்கு அவன் யாரென்றே தெரியாது. அவன் பார்ப்பது புதுத் தொடரில் வரும் லிகோவும் ராயும், அதுவும் தமிழில். நான் சின்ன வயதில் பார்த்தபோது ஆஷுக்குப் பத்து வயது. நான் பத்தாவது முடித்தேன், கல்யாணம் ஆனது, அவனுக்குப் பத்து. 2019ல்தான் முதல் முறையாகப் பெரிய லீக் போட்டியில் ஜெயித்தான், கதையில் வரும் அலோலாத் தீவுகளில். செய்தி வந்தபோது இவன் கைக்குழந்தை, இவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அழுதேன், வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார். 2022ல் உலகச் சாம்பியன் ஆனான், அடுத்த வருடம் தொடரை விட்டே கிளம்பிவிட்டான்.

தமிழில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரணாம்பட்டுத் தம்பியின் சம்பள வசனம் அதில் இல்லை.

சத்துவாச்சாரி அண்ணா, அந்தத் தீப்பெட்டியைப் படம் எடுத்துப் போடுங்கள். மகனிடம் காட்ட வேண்டும். பொன்வண்டு என்று சொன்னால், 'அது எந்த ஜெனரேஷன் போக்கிமான்?' என்று கேட்கிறான்.

சத்துவாச்சாரிக்காரன்:

படம் எடுக்கத்தான் தேடினேன் தங்கச்சி. பெட்டி இருந்த இடத்தில் இல்லை. மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டாளாம், மனைவி சொல்கிறாள். பதிலுக்கு யாரிடமோ ஏதோ ஸ்டிக்கர் வாங்கித் தருவதாகப் பேச்சாம். நாலு மணிக்கு வேன் வரும், அதற்கு முன்னால் வாசலில் போய் நிற்கிறேன்.