புதுப்பிப்பு: அந்தப் பச்சைப் புள்ளிகள் குப்பை இல்லை

போன முறை எழுதியது நினைவிருக்கலாம்: ஈஸ்ட் செல்களைக் குளுக்கோஸ் இல்லாமல் பட்டினி போட்டதும், ஒளிரும் புரதம் ஒட்டிய புரோட்டியசோம்கள் (வேண்டாத புரதங்களை வெட்டிப்போடும் செல் இயந்திரங்கள்) நியூக்ளியஸை விட்டு வெளியேறி சைட்டோபிளாசத்தில் புள்ளி புள்ளியாகத் திரண்டன, இது ஆட்டோஃபேஜிதான் (செல் தன் உள்பொருளைத் தானே செரித்துக்கொள்வது), சீக்கிரம் வாக்குவோலில் (ஈஸ்ட் செல்லின் செரிமானப் பையில்) போய்க் கரைந்துவிடும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

தப்பு. ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய மரபணுவை நீக்கிய செல்களிலும் அதே புள்ளிகள் வந்தன. அப்புறம் குளுக்கோஸைத் திரும்பக் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே புள்ளிகள் காணாமல் போய் நியூக்ளியஸ் மறுபடி ஒளிர்கிறது, செரித்துப்போன பொருள் இப்படித் திரும்பி வராது இல்லையா. இவை சேமிப்புத் துகள்கள். செல் தன் புரோட்டியசோம்களை ஆட்டோஃபேஜியிடமிருந்து ஒளித்து வைத்துக்கொள்கிறது.

நைட்ரஜன் பட்டினியில் கதை வேறு. சத்து இருக்கும்போது ஆட்டோஃபேஜியை அடக்கி வைக்கும் டார்க்1 என்ற புரதக் கூட்டு அடங்கியதும், அதைத் தொடங்கி வைக்கும் ஏடிஜி1 புரதக் கூட்டணி விழித்துக்கொள்ள, இரட்டைச் சவ்வுப் பைகள் சைட்டோபிளாசத்தைச் சுருட்டி வாக்குவோலுக்குக் கொண்டுபோகின்றன, புரோட்டியசோம்களும் அதில் தப்புவதில்லை. அமினோ அமிலம் தேவைப்படும் நேரத்தில் இது நியாயமான கணக்குதான்.

சரி, வாக்குவோலுக்குள் பைகள் தெரியவில்லை என்று புலம்பியிருந்தேனே, அதற்குக் காரணம் என் சோம்பேறித்தனம். வாக்குவோலில் செரிமான நொதிகள் வேலை செய்தால் பைகள் உடனே கரைந்துவிடும். அந்த நொதிகள் இல்லாத ஈஸ்டில்தான் ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமி 1992-இல் அவை குவிந்து கிடப்பதைக் காட்டினார், 2016-இல் நோபலும் வாங்கினார். நான் வழக்கமான செல்லை வைத்துக்கொண்டு நுண்ணோக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நொதிகள் வேலை செய்யத் தேவையான பெப்4 மரபணுவை நீக்கிய செல்களை இப்போது வளரப் போட்டிருக்கிறேன்.