எடைமேடை மென்பொருள் மதியத்துக்கு மேல் நின்றுவிடுகிறது, அவசரம்

மாங்கூழ்:
வணக்கம். கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் எடைச்சீட்டு போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது. இரண்டு மணிக்கு மேல் திணறி, நான்கு மணிக்குள் நின்றுவிடுகிறது. மூடித் திறந்தால் சரியாகிறது. பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, விரைந்து உதவுங்கள்.

தென்பெண்ணை:
எந்த மொழியில் எழுதியது, கணினியின் நினைவகம் (ரேம்) எவ்வளவு, நிற்கும்போது என்ன பிழைச் செய்தி வருகிறது?

அரூரான்:
ரேம் போதவில்லை. இன்னொரு 8 ஜிபி போடுங்கள், தீர்ந்துவிடும்.

பழைய நிரலர்:
தம்பி, 'நின்றுவிடுகிறது' என்று மட்டும் சொன்னால் சோதிடர்தான் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் முன் பிழைகள் பதிவாகும் கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் இக்காலத்தில் யாருக்குமே இல்லை.

மாங்கூழ்:
மன்னிக்கவும் ஐயா. விண்டோஸ் 10, 64 பிட் ஜாவா 8, 8 ஜிபி ரேம். 'அவுட் ஆஃப் மெமரி எரர்: ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்று வருகிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பாதி ரேம் காலியாகவே இருக்கிறது.

தென்பெண்ணை:
ஹீப் என்பது ஜாவா நிரல் தன் தரவை வைக்கும் நினைவகப் பகுதி. அதன் உச்ச அளவை நாம் குறிப்பிடாவிட்டால், ஜாவா பொதுவாக மொத்த ரேமில் நான்கில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்ளும்; உங்களுக்கு அது ஏறத்தாழ 2 ஜிபி. ரேமை இரட்டித்தால் அது 4 ஜிபி ஆகும், நான்கு மணிக்கு நிற்பது இரவில் நிற்கும், அவ்வளவுதான். காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஜாவாவோடு வரும் 'ஜேமேப்' கருவியால் ஹீப் டம்ப், அதாவது அந்நேரத்து ஹீப்பின் நகல், எடுத்து, அதை ஆராயும் எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் பைட் அரே போன்ற வெறும் தரவுத் தொகுப்புகள்தான் இருக்கும். அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று மேல்நோக்கித் தேடிப் போங்கள்.

பர்கூர்வாசி:
ஜாவாவில்தான் தேவையற்ற தரவைத் தானாக அகற்றும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறதே, பிறகு நினைவகம் எப்படிக் கசியும், அதாவது விடுபடாமல் நிறைந்துகொண்டே போகும்?

பழைய நிரலர்:
யாரும் பிடித்திராத பொருளைத்தான் அது அகற்றும். தேவை தீர்ந்த பின்னும் ஒரு மேப்பில், அதாவது நிரல் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில், அதைப் பெயர் எழுதி வைத்திருந்தால், அது குப்பை என்று கலெக்டருக்கு எப்படித் தெரியும்? முதலாண்டுப் பாடம் இது.

அரூரான்:
இத்தனை ஆராய்ச்சி எதற்கு? சாப்பாட்டு நேரத்தில் தானாக மூடித் திறக்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துவிடுங்கள். எங்கள் கடையில் மூன்றாண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

தென்பெண்ணை:
கடை வேறு, எடைமேடை வேறு. பாரத்தோடு எடை போட்ட லாரி, சரக்கை இறக்கிவிட்டு வெற்று எடைக்குத் திரும்பும் முன் மென்பொருளை மூடினால், முதல் எடை நினைவகத்தில் மட்டும் இருந்திருக்குமானால் அது போய்விடும். அப்புறம் லாரிக்காரரிடம் யார் வாதாடுவது?

அரூரான்:
முதல் எடையைத் தரவுத்தளத்தில் எழுதாத மென்பொருளுக்கு நினைவகக் கசிவு இரண்டாவது கவலைதான்.

மாங்கூழ்:
கிடைத்துவிட்டது. லாரியின் எண் பலகையைக் கேமரா எடுக்கும் படம், ஒவ்வொன்றும் சுமார் 6 எம்பி, நிரலை மூடும் வரை நீங்காத ஒரு ஸ்டாடிக் மேப்பில் சேர்ந்துகொண்டே இருந்தது. சீட்டு அச்சானதும் நீக்கும்படி மாற்றினேன். இன்று ஆறு மணி வரை நிற்கவில்லை. நன்றி.

தென்பெண்ணை:
மகிழ்ச்சி. வெற்று எடை போடாமலே திரும்பிப் போகும் லாரிகளுக்குச் சீட்டு அச்சாகாதே, அவற்றின் படங்களை எப்போது நீக்குகிறீர்கள்?

பழைய நிரலர்:
நான்கு நாளாகிறது, பதில் இல்லை. காரியம் முடிந்தது, ஆளைக் காணோம்.