16 வயதுத் தடை மாணவிகளைக் காப்பாற்றுமா?

முகில்: ஆஸ்திரேலியா செய்ததை எல்லா நாடும் செய்யட்டும் என்பது என் கட்சி. 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயது ஆகாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. இடமே இல்லாவிட்டால் சைபர் புல்லிங், அதாவது இணையத்தில் ஒருவரைச் சீண்டித் துன்புறுத்துவது, பாதி அடங்கும்.

தேன்மொழி டீச்சர்: பாதி என்று எப்படி அளந்தீர்கள்? அந்தத் தடையில் வாட்ஸ்அப் கிடையாது. என்னிடம் அழுதுகொண்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கதையே வேறு. ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரும் புதுக் குழு தொடங்குவார்கள். அவள் தோழியிடம் நம்பிச் சொன்னது ஸ்கிரீன்ஷாட்டாக அதில் வந்து விழும். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. இதைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் போடுவீர்கள்?

முகில்: மனம் நோகச் செய்யும் எல்லாமே குற்றம் என்று விரிவாக எழுதினால் போயிற்று.

கறுப்புக்கோட்டு: கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் 2013-இல் அப்படித்தான் சட்டம் எழுதியது. பேச்சுரிமையை மீறுகிறது என்று 2015-இல் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று டீச்சரும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் இந்தத் தடைக்கு முன்பே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பதிவை எடுக்கச் சொல்லித் தளத்திடம் முதலில் கேட்க வேண்டும். 48 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் இணையப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். அவர் நோட்டீஸ் விட்டால் 24 மணி நேரம்தான் கெடு.

தேன்மொழி டீச்சர்: ஆணையர் சரி. அவரிடம் போகப்போவது யார்? வீட்டிலோ பள்ளியிலோ சொன்னால் முதலில் பறிபோவது அவள் போன். அந்தப் பயத்திலேயே வாய் திறப்பதில்லை. இனி பொய் வயது கொடுத்து உள்ளே போனவள் இன்னும் ஒளிப்பாள். ஃபின்லாந்தில் கிவா என்ற திட்டம் 2009 முதல் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்களைப் பாதிக்கப்பட்டவள் பக்கம் திருப்புவதுதான் அதன் குறி. அந்தக் குழுவில் சும்மா சிரிப்புப் பொம்மை போட்டுக்கொண்டிருக்கும் இருபது பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான்.

முகில்: இரவு பதினொரு மணிக்குப் போலிக் கணக்கிலிருந்து ஒட்டுவேலை செய்த படம் வந்தால் பள்ளி என்ன செய்யும்?

தேன்மொழி டீச்சர்: ஒன்றும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆணையர்தான் வேண்டும். ஆனால் புகார் கொடுத்தவளின் போனைப் பள்ளி பறிக்கக் கூடாது என்று முதலில் விதி எழுதுங்கள். அப்புறம் வயதைப் பேசலாம்.

முகில்: போன் விதிக்கு என் ஓட்டும் உண்டு. வயதை மட்டும் விடமாட்டேன்.