குதிரைக்கு வயிற்றுப்புண் மாதிரி தெரிகிறது, எந்தப் பவுடர் வாங்கலாம்?

லயத்துப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. எங்கள் மாமா போன வருடம் ஈப்போ ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று வாங்கி வந்தார். வாங்கியது அவர், பார்ப்பது நான். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால்தான் லாயம். காயடித்த ஆண், வயது ஒன்பது, 450 கிலோ இருக்கும்.

ஒரு மாதமாகச் சரியாக இல்லை. வாளியில் பெல்லட் போட்டால் நாலு வாய் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கிக் கொட்டாவி விடுகிறது, திரும்ப வந்து முகர்ந்து பார்க்கிறது, அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறது. புல்லை மட்டும் விடுவதில்லை. சேணம் வைத்து வயிற்று வாரை இழுத்தால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது, போன வாரம் என் சட்டைக் கை போச்சு. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

காலை 6 மணிக்கு 3 கிலோ பெல்லட் வைத்துவிட்டு மில் வேலைக்குப் போகிறேன், மாலை 5 மணிக்கு வந்து இன்னொரு 3 கிலோவும் ஒரு கட்டு நேப்பியர் புல்லும் போடுகிறேன். ஆன்லைனில் அல்சர் பவுடர் ஒரு டப்பா 280 வெள்ளி (ரிங்கிட்), கற்றாழை, அதிமதுரம், சீ பக்தார்ன் எல்லாம் இருக்கிறதாம். எதை வாங்கலாம்? மாமா ஒரு டப்பாவுக்குத்தான் காசு தருவார்.

ஈப்போ லாயம்

தம்பி, டப்பாவை விடு. காலை 6, மாலை 5 என்று நீயே எழுதியிருக்கிறாய். நடுவில் 11 மணி நேரம் அதன் வாயில் ஒன்றும் இல்லை.

ரேஸ் லாயத்தில் பதினாறு வருடம் குதிரை பார்த்தவன் சொல்கிறேன். நமக்குச் சாப்பாட்டு நேரத்தில் அமிலம் கூடுகிறது, குதிரைக்கு அப்படி இல்லை, தின்றாலும் தின்னாவிட்டாலும் இருபத்து நாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் வரும். மெல்லவில்லை என்றால் அமிலம் மட்டும் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும். அதிலும் குதிரையின் வயிற்றில் மேல் பாதிக்குச் சளிப் பாதுகாப்பு கிடையாது, கீழ்ப் பாதிக்குத்தான் உண்டு. வெறும் வயிற்றோடு ஓட்டினால் கீழே இருக்கிற அமிலம் மேலே தெறிக்கும். ரேஸ் குதிரைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பதுக்குப் புண் இருப்பது இதனால்தான். உன் குதிரை அங்கிருந்தே கொண்டுவந்திருக்கலாம்.

புல் கணக்கைப் பார். உலர்ந்த எடையில் உடல் எடைக்கு 1.5 சதவீதமாவது நார்த்தீனி வேண்டும், 450 கிலோவுக்கு ஏறக்குறைய 7 கிலோ. பச்சை நேப்பியரில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். அப்படியென்றால் நாளுக்கு 35, 40 கிலோ வெட்டிப் போட்டால்தான் குறைந்தபட்சமே வரும். உன் ஒரு கட்டு எத்தனை கிலோ, தராசில் வைத்துப் பார்த்தாயா? முடிந்தால் காய்ந்த புல்லைக் கண் சின்னதாக உள்ள வலையில் அடைத்துத் தொங்கவிடு, இழுத்து இழுத்துத் தின்ன நேரமாகும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கக் கூடாது.

பெல்லட்டையும் குறை. ஒரு வேளைக்கு 3 கிலோ அதிகம், அந்த மாவுச்சத்து வயிற்றில் புளித்துப் புண்ணை இன்னும் கிளறும். வேளைக்கு 1 கிலோவாக்கி, நாளுக்கு மூன்று வேளை கொடு. சேணம் கட்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு கை லூசர்ன் (குதிரைமசால்) கொடு, அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். நாங்கள் விடியற்காலை ஓட்டத்துக்கு முன்னால் அப்படித்தான் கொடுப்போம்.

தேவி தாப்பா

அண்ணன் சொன்ன தீனி விஷயம் எல்லாம் சரி, ஆனால் ஏற்கெனவே புண் வந்திருந்தால் தீனியை மாற்றினால் மட்டும் ஆறிவிடாது. நான் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். கொட்டாவி, கடிக்க வருவது, மெலிவு இதெல்லாம் அல்சருக்கும் பொருந்தும், பல் கோளாறுக்கும் பொருந்தும், முதுகு வலிக்கும் பொருந்தும். மூக்கு வழியாக மூன்று மீட்டர் நீளக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். செர்டாங்கில் யூ.பி.எம். (புத்ரா மலேசியா பல்கலைக்கழக) கால்நடை மருத்துவமனை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மருந்து என்றால் அமிலச் சுரப்பைக் குறைக்கிற ஓமெப்ரசோல். வழக்கமாகக் கிலோ எடைக்கு 4 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு தடவை, காலையில் தீனிக்கு முன்னால், 28 நாள். உங்கள் குதிரைக்கு 1,800 மில்லிகிராம் வரும். மனிதர்களுக்கான கேப்ஸ்யூலைப் பிரித்து இடித்துத் தீனியில் கலக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அந்த உருண்டைகளின் மேல்பூச்சு போனால் மருந்து வயிற்று அமிலத்திலேயே கெட்டுவிடும், காசு தண்டம். கீழ்ப் பாதியில் புண் இருந்தால் புண்ணின் மேல் படிந்து காக்கிற சுக்ரால்ஃபேட்டும் சேர்ப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும், அதனால் வைத்தியர் சொல்கிறபடி குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். கால் வலிக்கு பியூட் (ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து) ஏதாவது கொடுக்கிறீர்களா? வியர்த்தால் எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பேஸ்ட்?

செம்பனைக்காரன்

பவுடரே வேஸ்ட் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். என் பெண் குதிரைக்கு பெக்டினும் லெசிதினும் சேர்ந்த ஒன்றைக் கொடுத்தேன், ஆறு வாரத்தில் தோல் பளபளத்தது, வாரை இழுத்தாலும் சும்மா நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அதே மாதம்தான் லூசர்னும் தொடங்கினேன், பகல் முழுக்க வெளியே மேயவும் விட்டேன். எது வேலை செய்தது என்று கேட்டால் கையைத்தான் விரிப்பேன்.

எனக்குத் தோன்றுவது, மருந்து முடிந்த பிறகு புண் திரும்பாமல் இருக்கப் பவுடர் கொஞ்சம் துணைக்கு வரலாம். பெக்டின், லெசிதினுக்கு ஓரளவு ஆராய்ச்சி ஆதரவு இருக்கிறது, சீ பக்தார்னுக்கு முடிவுகள் இப்படியும் அப்படியுமாக இருக்கின்றன. அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் வகை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, நாள் முழுக்க ஊட்டிக்கொண்டா இருக்க முடியும்? இன்னொன்று, நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் லூசர்ன் நமக்கு இரண்டு வகையில் நல்லது. 280 வெள்ளியை அதில் போடு.

லயத்துப் பையன்

தேவி அக்கா கேட்டது சரியாக மாட்டியது. மாமாவிடம் கேட்டேன், முதலில் மழுப்பினார். அப்புறம்தான் சொன்னார், முன்னங்கால் வலிக்கு இரண்டு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் பியூட் கொடுத்திருக்கிறாராம், நான் வேலைக்குப் போன பிறகு. ஊர்வலத்தன்று வியர்த்தால் வெறும் வயிற்றில் எலக்ட்ரோலைட் வேறு.

புல்லைக் குளியலறைத் தராசில் நிறுத்தேன். 14 கிலோ. வெட்கமாக இருக்கிறது.

தேவி தாப்பா

பியூட் கீழ்ப் பாதிப் புண்ணுக்கு ஒரு பெரிய காரணம் தம்பி. இதை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள், காலுக்கு வேறு என்ன செய்யலாம் என்று அவர் பார்ப்பார். எலக்ட்ரோலைட்டைத் தீனியில் கலந்து கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஈப்போ லாயம்

14 கிலோவா! பரவாயில்லை, இப்போதாவது நிறுத்துப் பார்த்தாய். பகலில் புல் போட ஆள் இருக்கிறதா? மிஷினில் பொடியாக நறுக்காதே, நீளமாகவே போடு, அப்போதுதான் மெல்லும்.

லயத்துப் பையன்

பக்கத்து வீட்டுப் பாட்டி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் போடுகிறேன் என்றார், மாதம் ஐம்பது வெள்ளி கேட்கிறார். வைத்தியர் புதன்கிழமை வருகிறார். மாமா பியூட் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார், அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.