ஹூக் நார்ட்டன் பியர் ஆலை: பொறியியலா, ஒப்பனையா?

சாரக்கட்டு:
விக்டோரியா காலத் தொழிற்கட்டடங்களில் நேர்மையானது எது என்று கேட்டால், ஆக்ஸ்ஃபர்ட்ஷயரிலுள்ள ஹூக் நார்ட்டன் பியர் ஆலையைத்தான் சொல்வேன். வில்லியம் பிராட்ஃபோர்ட் வடிவமைத்து, 1900இல் கட்டி முடித்த கோபுர ஆலை. தண்ணீரும் முளைகட்டிய பார்லியும் உச்சிக்கு ஏறும். பிறகு அரைத்து, வெந்நீரில் ஊறி, கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதித்து, நொதித்து, தளம் தளமாக இறங்கிப் பீப்பாய்க்குள் விழும். ஏற்றுவது நீராவி, இறக்குவது பூமி. அந்த உயரம் ஆடம்பரம் அல்ல.

தூலம்:
உயரத்தை ஒப்புக்கொள்கிறேன். சுவரில் மரச்சட்டங்களைப் பதித்துப் பழங்கால வீடு போலக் காட்டியிருக்கிறாரே, அவை எந்தத் தொட்டியைத் தாங்குகின்றன? பழுப்புக் கல், செங்கல், மரப்பலகை, சிலேட், வார்ப்பிரும்பு. ஒரே சட்டைக்கு ஐந்து துணி!

சாரக்கட்டு:
அந்தக் கல் அந்த வட்டாரத்திலேயே வெட்டி எடுப்பது. மேலே மரமும் பலகையும் வைத்தால் சுவரின் எடை குறையும். இத்தகைய ஆலைகளின் மேல்தளத்தில் சாய்பலகைச் சன்னல்கள் இருப்பதும் அழகுக்காக அல்ல. கொதித்த பார்லிச் சாறு ஆழமில்லாத அகன்ற தட்டில் பரந்து ஆறுவதற்குக் காற்று வேண்டும்.

தூலம்:
சன்னலை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். இங்கிலாந்தின் லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் பியர் ஆலைக்கு வாருங்கள். அதே பிராட்ஃபோர்ட், 1881. அதே வேலை, அதே புவியீர்ப்பு. ஆனால் அது இடைக்காலத் தேவாலயங்களின் கோதிக் பாணியில் நிற்கிறது. 'லூயிஸ் பேராலயம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். வேலைதான் வடிவத்தைத் தீர்மானித்தது என்றால், ஒரே வேலைக்கு இரண்டு வேடம் எதற்கு? அக்காலப் பியர் ஆலைகள் தங்கள் கட்டடத்தின் படத்தைக் கடிதத்தாளிலேயே அச்சிட்டன. முகப்பே விளம்பரப் பலகை.

நீராவிப்பிரியன்:
இருவரும் புவியீர்ப்புக்கு அதிகமாகவே மாலை போடுகிறீர்கள். பல கோபுர ஆலைகளில் கொதித்த சாற்றை ஆற வைப்பதற்கு மறுபடியும் மேலே இறைக்கத்தான் வேண்டியிருந்தது. ஹூக் நார்ட்டனில் 1899ஆம் ஆண்டின் பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி நீராவி எந்திரம் இருக்கிறது. வெறும் 25 குதிரைத்திறன்! அதன் சுழற்சியைத் தண்டுகளும் பட்டைகளும் தளங்களுக்குக் கொண்டுபோயின. நான் போனால் முகப்பைப் பார்க்காமல் நேராக அந்த அறைக்குத்தான் போவேன்.

சாரக்கட்டு:
லூயிஸ் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 'நேர்மை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால், முகப்புதான் எல்லாம் என்றால் லண்டன் டவர் பாலத்தருகே இருக்கும் ஆங்கர் பியர் ஆலையைப் பாருங்கள். 1980களில் அதை அடுக்ககமாக மாற்றிவிட்டார்கள். வெளியே ஆலை, உள்ளே படுக்கையறை.

தூலம்:
இடிக்காமல் விட்டார்களே! அந்த ஒப்பனைதானே அதைக் காப்பாற்றியது?

சாரக்கட்டு:
உடம்பு போய்ச் சட்டை மட்டும் கொடியில் தொங்குவதற்குப் பெயர் காப்பாற்றுவதா? ஹூக் நார்ட்டனிலும் லூயிஸிலும் இன்றும் பியர் காய்ச்சுகிறார்கள். உங்கள் ஐந்து துணிச் சட்டைக்குள் இன்னும் ஆள் இருக்கிறார், ஐயா.