ரப்பர் ஷீட் வாங்கிய கடைக்காரர் 87,000 ரூபாய் பாக்கி, கேஸ் போட்டால் பணம் கைக்கு வருமா?

ரப்பர்தோட்டம்:
அண்ணன்மாரே, ஒரு விவரம் வேண்டும். எங்களுக்குத் திருவட்டாறு பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) வருஷக்கணக்காகக் குலசேகரத்தில் ஒரே கடையில்தான் போட்டு வந்தோம். 2023 கடைசியில் பல தடவையாகப் போட்ட சரக்குக்கு 87,000 ரூபாய் நிற்கிறது. ஓணம் கழியட்டும், விலை ஏறட்டும் என்று இழுத்தார், இப்போது போனையே எடுப்பதில்லை. கையில் இருப்பது எடை எழுதிய துண்டுச் சீட்டுகள், சிலதில் கடை சீல் உண்டு, அப்புறம் "தந்துவிடுகிறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப். ஸ்டேஷனில் கேட்டால் இது சிவில் விஷயம் என்கிறார்கள். அப்பா தங்கச்சி ஃபீஸுக்கு நம்பியிருந்த பணம் இது. இந்தத் தொகைக்குக் கேஸ் போடலாமா?

மார்த்தாண்டம்_தேன்:
நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே, அங்கே போடுங்கள் தம்பி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலும் நடத்தலாம்.

வக்கீல்_குமாஸ்தா:
தேன் அண்ணன் சொன்னது பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கு. தம்பி வீட்டில் விற்றிருக்கிறார்கள், அதனால் அங்கே எடுக்க மாட்டார்கள். சின்னத் தொகை சிவில் வழக்குகளை எடுக்கும் முன்சீப் கோர்ட்டில் பண வழக்குதான் வழி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை என்று கோர்ட்டுகள் பிரிந்து கிடக்கின்றன, கடை எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கே போட வேண்டும்.

முதலில் தேதியைப் பாருங்கள். தவணை எதுவும் பேசாமல் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம்தான் கெடு. கடைசிச் சீட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், முதல் சீட்டின் தேதியிலிருந்து 3 வருஷம் தாண்டினால் அந்தச் சரக்கின் பணத்தைக் கேட்க முடியாமல் போகும். வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொண்டார் என்று நம்பி நாளைக் கடத்தவும் வேண்டாம். கோர்ட்டு ஃபீஸ் 3 சதவீதம், உங்களுக்கு 2,610 ரூபாய் வரும். 2017க்கு முன்னால் ஏழரை சதவீதம் இருந்தது. வக்கீல் ஃபீஸ் தனி, அதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சம்மன் கிடைத்ததும் கடைக்காரர் 30 நாளில் பதில் போட வேண்டும், கேட்டால் 90 நாள் வரை கொடுப்பார்கள். வராமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே, தீர்ப்பாகும். உடனே ஜெயித்துவிட்டோம் என்று இருக்காதீர்கள், தகுந்த காரணம் சொல்லி 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரணியல்வாசி:
தம்பி, உங்கள் நிஜமான கேள்வி ஜெயித்த பிறகு என்ன என்பதுதான், அதற்கு நான் பதில் சொல்கிறேன், என் மாமா இதைப் பட்டு அனுபவித்தவர். தீர்ப்பு வந்ததும் யாரும் பணத்தைக் கொண்டுவந்து தர மாட்டார்கள். கடைக்காரர் தரவில்லை என்றால் தீர்ப்பை நடத்திவைக்கச் சொல்லி நீங்களே நிறைவேற்று மனு போட வேண்டும், அதற்கு 12 வருஷம் வரை காலம் உண்டு. எதை ஜப்தி செய்வது என்று கோர்ட்டு தேடிக் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் இப்போதே விசாரியுங்கள்: கடை அவர் பெயரில்தானா அல்லது வாடகையா, குடோனில் சரக்கு இருக்கிறதா, எந்தப் பேங்கில் கணக்கு. கேஸ் நடக்கும்போதே சொத்தை மாற்றி எழுதப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். ஜெயிலில் போடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள், வசதி இருந்தும் தராதவருக்குத்தான் அது, கையில் ஒன்றும் இல்லாதவரை உள்ளே வைக்க முடியாது.

எனக்குக் கேட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, கேஸ் போடும் முன்பே லோக் அதாலத்துக்கு (பேசி முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றம்) அழைக்கச் சொல்லுங்கள். கடைக்காரரும் நாலு பேர் முன்னால் தொழில் செய்கிறவர், தவணையாகத் தரச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அங்கே எழுதும் உடன்படிக்கை கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. கேஸ் போட்ட பிறகு அங்கே முடிந்தாலும் கட்டிய கோர்ட்டு ஃபீஸ் திரும்ப வரும்.

ரப்பர்தோட்டம்:
ரொம்ப நன்றி அண்ணே. முதல் சீட்டு அக்டோபர் 2023. கடை அவர் மனைவி பெயரில் என்று கேள்விப்பட்டேன், அப்படியானால் யார் மேல் போடுவது?

வக்கீல்_குமாஸ்தா:
சீட்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது, ஜிஎஸ்டி பதிவு யார் பெயரில் என்று பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள், பெரும்பாலும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் போடுவார்கள். வாட்ஸ்அப் வந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம், அந்த மெசேஜைக் காட்டும்போது அதற்கென்று ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.